இரு கொடிகளுக்கு நடுவே மேஜர் தியான் சந்த்

1975-ஆம் ஆண்டு மார்ச் 15-ஆம் தேதி நமது கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கில் உலகக் கிண்ண ஹாக்கி இறுதியாட்டம் நடைபெற்றது. இந்தியா 2-1 என்ற கணக்கில் பாகிஸ்தானை வென்றது. வெற்றி கோலைப் போட்டவர் அசோக் குமார். அதற்கு முந்திய அரையிறுதியில் நம் மலேசிய அணி இந்தியாவை ஏறக்குறைய வீழ்த்திவிட்டிருந்த வேளையில், மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்து ஆட்டத்தைச் சமன் செய்தவர் அஸ்லம் ஷேர் கான். இவ்விருவர் பெயரையும் நம் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை. ஆனால், இவ்விருவரின் தந்தையரும் 1936-ல் பெர்லின் நகரில் ஒரே உடைமாற்றும் அறையில், மூடிய கதவுக்குப் பின்னால் நின்று ஒரு கொடிக்கு வணக்கம் செலுத்தியவர்கள் என்பதை அறிந்தவர் மிகச் சிலரே. அஸ்லமின் தந்தை போப்பால் அகமது ஷேர் கான். அசோக்கின் தந்தை, அந்த அணியின் தலைவர் தியான் சந்த்.

விளையாட்டு வீரன் அரசியல் பேசலாமா, பேசினால் எதுவரை பேசலாம் என்ற கேள்வி இக்காலத்தில் அடிக்கடி எழுகிறது. அந்த அறைக்குள் நின்ற மனிதரின் வரலாற்றை அறிந்தால் அக்கேள்வியின் கனம் விளங்கும் என்பதால் இதனை எழுதுகிறோம்.

தியான் சந்த் 1905 ஆகஸ்ட் 29-ல் அலகாபாத்தில் ஒரு ராஜபுத்திரக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் பிரிட்டிஷ் இந்தியப் பட்டாளத்தில் ஊழியம் பார்த்தவர். பட்டாளம் போகும் ஊருக்கெல்லாம் குடும்பமும் போயிற்று. முடிவில் ஜான்சியில் நிலைகொண்டது. இந்த அலைச்சலில் பிள்ளையின் படிப்பு பாதியில் நின்றது. 1922-ல், 16 வயதில், அவரும் சாதாரணச் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்தார். அதுவரை அவருக்கு மல்யுத்தத்தில்தான் ஆசை. ஹாக்கி மட்டையை முறையாகப் பிடிக்கக் கற்றுக் கொடுத்தவர் பாலே திவாரி என்ற சுபேதார் மேஜர். பகல் முழுதும் பட்டாள வேலை. ஆகவே வேலை முடிந்து நிலவு கிளம்பியபின் ஆடிப் பழகுவாராம். தியான் சிங் என்ற இயற்பெயர் தியான் சந்த் ஆனது அதனால்தான் என்பார்கள். சந்த் என்றால் நிலா.

1926-ல் இந்தியப் பட்டாள அணியோடு நியூசிலாந்து சென்றார். 21 ஆட்டங்களில் 18 வெற்றி, ஒரே ஒரு தோல்வி. திரும்பி வந்ததும் லான்ஸ் நாயக் என்ற சிறு பதவி உயர்வு கிடைத்தது. 1928-ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் வந்தது. பம்பாய்த் துறைமுகத்தில் அணியை வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே பேர். தங்கம் வென்று அதே துறைமுகத்தில் இறங்கியபோது கூட்டம் கொள்ளவில்லை. ஐந்து ஆட்டங்களில் தியான் சந்த் மட்டும் 14 கோல் போட்டிருந்தார். இந்தியாவுக்கு எதிராக ஒரு கோல்கூட விழவில்லை.

அந்த அணிக்குத் தலைவராயிருந்த ஜெய்பால் சிங், ஆக்ஸ்போர்டில் படித்த பழங்குடி மகன். ஐ.சி.எஸ். பயிற்சியிலிருந்த அவருக்கு விடுப்பு மறுக்கப்பட்டது. அவர் விடுப்பின்றியே ஆடப் போனார், பிறகு அந்தப் பதவியையே துறந்தார். படித்தவருக்கு அது முடிந்தது. ஆறு பேர் உண்ணும் வீட்டுக்குச் சம்பளம் அனுப்பும் சிப்பாய்க்கு அது முடியுமா? 1932 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்குக்கு ஆள் தேர்ந்தபோது தியான் சந்தைத் தேர்வு ஆட்டங்களுக்கு அனுப்ப அவருடைய படைப்பிரிவு மறுத்துவிட்டது. ஹாக்கிச் சம்மேளனம் தேர்வின்றியே அவரைச் சேர்த்துக்கொண்டது. அங்கே அமெரிக்காவை 24-1 என்று தோற்கடித்தார்கள். தம்பி ரூப் சிங் 10 கோல், அண்ணன் 8 கோல். உலகமே வியந்து பார்த்த அந்த வீரர், தம் மேலதிகாரியின் கையெழுத்து இன்றி ஊரைவிட்டு ஒரு நாள் வெளியே போக முடியாதவர். இதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பெர்லினுக்குப் போக வேண்டும்.

1936-ல் அவரே அணித் தலைவர். அணியைப் பாருங்கள்: லாகூர் பக்கத்து ஜாபர், தாரா, மசூத், ஷகாபுதீன், முகம்மது ஹுசேன், அகமது ஷேர் கான் என்று முஸ்லிம்கள், ஆலன், டாப்செல், கலிபார்டி என்று ஆங்கிலோ இந்தியர்கள், குர்சரண் சிங் என்ற சீக்கியர், ஜான்சிச் சகோதரர்கள் இருவர். பட்டாளக்காரர், ரெயில்வேக்காரர், சமஸ்தான ஊழியர் எல்லாம் கலந்த கூட்டம். எல்லோருக்கும் மேலே பறந்தது பிரிட்டிஷ் இந்தியாவின் கொடி. ஆகஸ்ட் 1-ல் தொடக்க அணிவகுப்பில் அக்கொடியை ஏந்தி நடந்தவர் தியான் சந்த்.

மேடையில் ஹிட்லர். கடந்து சென்ற அணிகளில் பல வலக்கையை நீட்டி நாஜி முறையில் வணக்கம் செய்தன, அரங்கம் ஆர்ப்பரித்தது. நீல நிறத் தலைப்பாகைகளோடு வந்த இந்தியர்கள் முகத்தைத் திருப்பிப் பார்த்ததோடு சரி, கை எழவில்லை. இப்படிக் கை எழாத அணிகள் சிலவே. அணியில் ஆடிய ஜனாப் எம். என். மசூத் இந்தப் பயணத்தைப் பற்றி ஒரு நூலே எழுதி வைத்ததால் இச்செய்திகள் நமக்குக் கிடைத்தன. ஆட்டக்காரன் பேனாவும் பிடித்தால் எவ்வளவு நன்மை!

ஆட்டம் தொடங்குமுன்பே ஓர் அதிர்ச்சி. ஜூலை 17-ல் ஜெர்மன் அணியோடு ஆடிய பயிற்சி ஆட்டத்தில் இந்தியா 4-1 என்று தோற்றது. உடனே தந்தி கொடுத்து ஊரிலிருந்த தாராவை வரவழைத்தார்கள். அவர் விமானத்தில் வந்து அரையிறுதிக்குள் சேர்ந்துகொண்டார். ஹங்கேரி, அமெரிக்கா, ஜப்பான், பிரான்சு எல்லாம் ஒரு கோல்கூடப் போடாமல் தோற்றன. இறுதியில் எதிரே நின்றது அதே ஜெர்மனி. மழையால் ஒருநாள் தள்ளிப் போய், ஆகஸ்ட் 15-ல் ஆட்டம். (அத்தேதிக்கு 11 ஆண்டு கழித்து வேறொரு பொருள் வரப்போவதை அன்று யாரறிவார்?)

அன்று காலை அறையில் பேச்சே இல்லை. பயிற்சி ஆட்டத் தோல்வி எல்லோர் மனத்திலும் கிடந்தது. அப்போது துணை மேலாளர் பங்கஜ் குப்தா தம் பையிலிருந்து காங்கிரஸ் மூவண்ணக் கொடியை எடுத்து விரித்தார். அணியினர் அதற்கு வணக்கம் செலுத்தினார்கள், பிரார்த்தனை செய்தார்கள், களத்துக்கு நடந்தார்கள். தியான் சந்த் தம் சுயசரிதையில் இதைச் சில வரிகளில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். ஆனால் எவ்வளவு பெரிய காரியம் அது! சட்டமறுப்பு நாட்களில் அந்தக் கொடியைத் தூக்கியதற்காகத் தடியடிபட்டவரும் சிறை சென்றவரும் ஆயிரக்கணக்கானோர். பட்டாளக்காரனோ அரசியலின் பக்கம் தலைவைக்கவும் கூடாது. செய்தி அன்றே வெளியே போயிருந்தால் தியான் சந்தின் பதவி என்னவாகியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அறையிலிருந்தவர்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை என்பதுதான் நம்மை நெகிழச் செய்கிறது.

முதற் பாதியில் ஒரே கோல். இரண்டாம் பாதியில் தியான் சந்த் முள் பதித்த காலணியைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினார். முடிவு 8-1. ஹிட்லர் அவரை அழைத்து ஜெர்மன் பட்டாளத்தில் பெரும் பதவி தர முன்வந்தார் என்றொரு கதை உண்டு. நம் பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடைகளில் அதைச் சொல்லாத ஹாக்கி ரசிகர் இல்லை. சான்றில்லாத கதை அது. அதன் உதவியும் அவருக்குத் தேவையில்லை.

அதே பெர்லினில், ஆறு நாள் முன்பு, மாரத்தான் ஓட்டத்தில் முதலாக வந்தவர் சோன் கீ-சுங் என்ற கொரியர். கொரியா அப்போது ஜப்பானிடம் அடிமைப்பட்டிருந்தது. அவர் ஜப்பானியப் பெயரில், ஜப்பானியச் சின்னம் அணிந்து ஓட நேர்ந்தது. பரிசு மேடையில் தலை குனிந்து, கையிலிருந்த மரக்கன்றால் மார்புச் சின்னத்தை மறைத்தபடி நின்றார். சியோல் நகரத்து டோங்-ஆ இல்போ பத்திரிகை அவர் படத்திலிருந்து அச்சின்னத்தை அழித்துவிட்டு வெளியிட்டது. விளைவு, ஊழியர்கள் சிறைப்பட்டார்கள். பத்திரிகை பல மாதம் நிறுத்தப்பட்டது. வீரன் மறைத்தது ஒரு கன்றளவு. பத்திரிகை அழித்தது ஒரு விரலளவு. தண்டனையோ அவ்வளவு.

எனவே, தியான் சந்த் ஏன் கொடியை வெளியே கொண்டு வரவில்லை என்று நாற்காலியில் சாய்ந்து கேட்பவர்களிடம் நமக்கு உடன்பாடில்லை. அதேபோல், காலையில் மூவண்ணத்தை வணங்கியவர் மறுபடியும் ஏகாதிபத்தியப் பட்டாளத்துக்கே திரும்பிச் சென்று பதவி உயர்வும் பெற்றாரே என்று குறை சொல்வோரும் உண்டு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த முரண்பாட்டோடுதான் அவர் வாழ்ந்தார். மனம் ஒரு கொடியிலும் சம்பளம் ஒரு கொடியிலும் இருந்தவர்கள் அன்றைய இந்தியாவில் லட்சக்கணக்கானோர். மலாயாத் தோட்டங்களிலும் துறைமுகங்களிலும் உழைத்த நம் பாட்டன்மாரும் அவர்களில் சேர்ந்தவர்களே.

1968-ல் மெக்சிகோவில் டாமி ஸ்மித், ஜான் கார்லோஸ் என்ற இரு கறுப்பின அமெரிக்கர்கள் மேடையிலேயே கறுப்புக் கையுறை அணிந்த முட்டியை உயர்த்தினார்கள், அணியிலிருந்து விலக்கப்பட்டார்கள். இன்றும் ஒலிம்பிக் சாசனத்தின் 50-ஆம் விதி பரிசு மேடையில் அரசியல் ஆர்ப்பாட்டத்தை அனுமதிப்பதில்லை. வீரன் தானாகக் காட்டும் எதிர்ப்புக்கு இப்படி வேலி போடுகிறவர்கள், அரசாங்கம் வீரனை வைத்து எதிர்ப்புக் காட்டும்போது என்ன சொல்கிறார்கள்? 1980 ஏப்ரலில் நம் மெர்டேக்கா அரங்கில் மலேசியக் காற்பந்து அணி தென் கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றது. கோல் காத்தவர் ஆர். ஆறுமுகம். ஆப்கானிஸ்தானில் சோவியத் படை புகுந்ததைக் கண்டித்து நம் அரசாங்கம் மாஸ்கோவைப் புறக்கணித்தது. காரணம் நியாயமானதே. ஆனால் அந்த இழப்பைச் சுமந்தவர்கள் ஆட்டக்காரர்கள். அவர்களை யாரும் கேட்கவில்லை. அவர்களும் முணுமுணுக்காமல் வீடு திரும்பினார்கள். ஆறுமுகம் 1988-ல் சாலை விபத்தில் காலமானார், ஒலிம்பிக் காணாமலே.

மீண்டும் 1975-க்கு வருவோம். அரையிறுதியில் மலேசியா இருமுறை முந்தி நின்றது. நம் அணியில் தமிழ்ப் பெயர் கொண்டவர்களும் ஆடினார்கள். யாருக்குக் கைதட்டுவது என்று நம்மைக் கேட்டவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். தமிழர் என்றால் இந்தியாவுக்கு, முஸ்லிம் என்றால் பாகிஸ்தானுக்கு என்று அவர்களே கணக்கும் போட்டுக்கொள்வார்கள். நம் கை நம் நாட்டுக்கே தட்டிற்று. அஸ்லம் கழுத்திலிருந்த தாயத்தை முத்தமிட்டுவிட்டு அடித்த பந்து நம் வலைக்குள் போனபோது, கிள்ளானிலிருந்து பேருந்து ஏறி வந்தவர்கள் எத்தனை பேர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள்! அந்தக் கணக்குப்படி பார்த்தால் அஸ்லம் யாருக்கு ஆடியிருக்க வேண்டும்? பெர்லினில் மூவண்ணத்தை வணங்கிய தாரா, 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் பாகிஸ்தான் அணிக்குத் தலைவரானார். அவர் எதற்குத் துரோகி?

இறுதியாட்டத்தில் அசோக் அடித்த பந்து கம்பத்தின் உட்கோணத்தில் பட்டுத் தெறித்து வெளியே வந்தது. பாகிஸ்தானியர் அது கோல் அல்ல என்று முறையிட்டார்கள். விசில் ஊதிக் கோல் என்று தீர்ப்பளித்த நடுவர் மலேசியரான ஜி. விஜயநாதன். அவரை எவரும் அவருடைய பாட்டனார் எந்த ஊர் என்று கேட்கவில்லை.

மகன் இங்கே கோல் போட்ட அந்நாளில் தந்தைக்கு வயது 69. 1956-ல் மேஜர் பதவியோடு ஓய்வு பெற்றிருந்தார். அவ்வாண்டே பத்மபூஷண் விருதும் கிடைத்தது. பாட்டியாலா விளையாட்டுக் கழகத்தில் சில காலம் பயிற்சி அளித்தார். பின்னர் ஜான்சி வீட்டில் பண முடையோடும் மறதிக்குள்ளான மனிதராகவும் காலம் கழித்தார். நாடு விடுதலை பெற்றபின் எந்தக் கொடியையும் வெளிப்படையாக வணங்கலாம் என்றாகிவிட்டது, வணங்கியவரைத்தான் நினைப்பாரில்லை. அவர் பிறந்த நாளைத் தேசிய விளையாட்டு நாளாக்கியதும், 2021-ல் நாட்டின் உயர்ந்த விளையாட்டு விருதுக்கு அவர் பெயர் வைத்ததும் எல்லாம் அவர் கண் மூடியபின்.

1979 டிசம்பர் 3-ல் டில்லி மருத்துவமனையில், கல்லீரல் புற்றுநோயால் உயிர் பிரிந்தது. உடலை ஜான்சிக்குக் கொண்டு சென்று, அவர் விளையாடிய திடலிலேயே தகனம் செய்தார்கள். பஞ்சாப் ரெஜிமெண்ட் வீரர்கள் இராணுவ மரியாதை செலுத்தினார்கள்.