48 வயதில் கையில் எடுத்த கேமரா

புதிதாக ஒன்றைக் கற்க வயது தடையா? இல்லை என்பதற்கு ஜூலியா மார்கரெட் கேமரன் நல்ல சான்று.

1815இல் கல்கத்தாவில் பிறந்த இவர், இங்கிலாந்தின் வைட் தீவில் வசித்தபோது, 1863 டிசம்பரில் மகளும் மருமகனும் ஒரு பெரிய மரக் கேமராவைப் பரிசளித்தனர். அப்போது அவருக்கு வயது 48. கோழிக் கொட்டகையை ஸ்டூடியோவாகவும் நிலக்கரி அறையை இருட்டறையாகவும் மாற்றினார்.

அன்று ஃபிலிம் கிடையாது. கண்ணாடித் தகட்டில் ரசாயனம் பூசி, ஈரம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவ வேண்டும். எதிரில் அமர்பவர் சில நிமிடம் அசையக்கூடாது. தொடக்கத்தில் ஈரப்பூச்சைத் தம் கையாலேயே தேய்த்து முதல் படத்தை அழித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. 1864 ஜனவரியில் ஆனி என்ற சிறுமியின் படம் நன்றாக அமைந்ததும், அவளுக்குப் பரிசு தேடி வீடெங்கும் ஓடினார்.

படம் மங்கல், தகட்டில் கறை என்று விமர்சகர்கள் குறை கூறினர். அவரோ தம் பாணியை மாற்றாமல், 15 அங்குல நீளத் தகடு பிடிக்கும் இன்னும் பெரிய கேமராவுக்கு மாறினார். அறிஞர் டார்வினையும் கவிஞர் டென்னிசனையும் படமெடுத்தார். 1875இல் இலங்கைக்குக் குடிபெயர்ந்து, அங்குள்ள மக்களையும் படமெடுத்து, 1879இல் அங்கேயே மறைந்தார்.

முதல் படம் பாழானதும் நின்றிருந்தால், அவர் பெயர் நமக்குத் தெரிந்திருக்காது. நாமும் இரண்டாவது முறை முயல்வோமே!