கஜுலு இலட்சுமிநரசு செட்டியார்

காவலரை மதித்தலும் அவர்தம் பிழையைத் தட்டிக் கேட்டலும் ஒன்றற்கொன்று பகை என்று கருதுவார் பலர். 2024-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், கள்ளக்குறிச்சியைச் சார்ந்த கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் குடித்து 60-க்கு மேற்பட்டோர் மாண்டனர். மாவட்டக் காவல் கண்காணிப்பாளரும் காவலர் சிலரும் பணியிடை நீக்கம் பெற்றனர். அவ்வாண்டு நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்புவித்தது. கல்வராயன் மலைச்சரிவில் ஏறிச் சாராய ஊறலைத் தேடி அழிப்பவரும் காவலரே. கடமை தவறியதற்கு விடைகூற நின்றவரும் காவலரே. இவ்விருவரையும் நாம் எங்ஙனம் ஒருங்கே நோக்குவது? இவ்வினாவிற்கு விடையாக விளங்கும் பெரியார் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

இலட்சுமிநரசு செட்டியார் 1806-ஆம் ஆண்டில் சென்னை வணிகக் குடும்பமொன்றில் தோன்றினார். தந்தையின் வாணிகத்தைப் பெருக்கிப் பெரும்பொருள் ஈட்டினார். 1844-இல் கிரெசென்ட் என்னும் ஆங்கிலப் பத்திரிகையைத் தொடங்கினார்; 1852-இல் சென்னை நேட்டிவ் அசோசியேஷன் என்னும் சங்கத்தை நிறுவினார். மிஷனெரிமார்க்கு அரசினர் துணைநிற்கின்றனர் என்று வன்மையாக எதிர்த்தவர் அவர். அரசினர் பள்ளிகளில் வேதாகமத்தைப் பாடமாக்கும் முயற்சியையும் தடுத்து நின்றார். ஆதலின், மிஷன் கல்லூரி இதழொன்றில், அதுவும் கிறிஸ்தவராகிய எம்மால், அவர் புகழ் எழுதப்படுதல் சிலர்க்கு வியப்பாகலாம். ஏழையின் பொருட்டு வாய் திறந்தவரை, அவர் எம்மை எதிர்த்தார் என்பதற்காக மறந்துவிடும்படி எம் வேதம் எமக்குக் கற்பிக்கவில்லை.

அக்காலத்தில் வரி தண்டும் தாசில்தாரே போலீசுக்கும் தலைவராயிருந்தார். துன்புறுத்துவோனும் முறை கேட்போனும் ஒருவனேயாயின் குடியானவன் யாரிடம் சென்று அழுவான்? கிட்டியால் விரல்களை நெரித்தனர். அண்ணந்தாள் என்ற பெயரால் கழுத்தையும் காலையும் கயிற்றாற் பிணித்து வெயிலிற் குனிய நிறுத்தினர். இக்கொடுமைகளைச் செய்தோர் வெள்ளையரல்லர்; பெரும்பாலும் சிறுசம்பளம் பெற்ற நம் நாட்டுச் சேவகரே.

செட்டியார் வாளா இருந்தாரல்லர். 1853-இல் பார்லிமெண்டு உறுப்பினர் டான்பி சீமோர் சென்னைக்கு வந்தபோது, அவரை ஜில்லாக்களுக்கு அழைத்துச் சென்று குடிகளின் நிலையைக் காட்டினார். 1854 ஜூலையில் அச்செய்தி காமன்ஸ் சபையில் முழங்கிற்று. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் என்னும் மூவர் அடங்கிய விசாரணைக் குழு அமைந்தது. ஏறக்குறைய 2,000 முறையீடுகள் குவிந்தன. 1855-இல் வெளிவந்த அறிக்கை கொடுமைகள் உண்மையே என்று நாட்டியது. இரண்டாண்டு கழித்துக் கார்ல் மார்க்ஸும் அதனை எடுத்துக்காட்டி நியூயார்க்குப் பத்திரிகையில் எழுதினார்.

விளைவு யாது? 1859-ஆம் ஆண்டின் 24-ஆம் சட்டம் பிறந்தது. வரித்தண்டலினின்று பிரிந்து, தனித் தலைவரும் ஒழுங்கான சம்பளமும் உடைய காவற்படை சென்னை மாகாணத்தில் அமைந்தது. வில்லியம் ராபின்சன் அதன் முதல் தலைவரானார். அன்று கள்ளக்குறிச்சியைத் தன்னகத்தே கொண்டிருந்த தென்னாற்காட்டு ஜில்லாவிலும் அப்படையே காவல் பூண்டது. இன்று நாம் மதிக்கும் சீருடைக் காவலர் அதன் வழித்தோன்றல்கள். போலீசின் குற்றத்தைப் பறைசாற்றிய குரலே போலீசுக்கு நல்வாழ்வு தேடிய குரலாகவும் முடிந்தமை காண்க.

அரசினர் அவருக்கு ஸி. எஸ். ஐ. பட்டம் அளித்தனர், 1863-இல் சட்டசபையிலும் இடம் தந்தனர். ஆயினும் பொதுப்பணியிற் செல்வமெல்லாம் இழந்து 1868-இல் வறியவராகவே அவர் மறைந்தார்.

அன்பர்காள்! மலையேறிக் காவல் புரிவோனை வாழ்த்துவோம். அவன் தவறிய வழி அஞ்சாது கேட்போம். கேள்வியற்ற மதிப்பு அச்சமாகும். மதிப்பற்ற கேள்வி பகையாகும். இரண்டையும் ஒருங்கே ஏந்த வல்லவனே நல்ல குடிமகன். அவ்வழியை நமக்குக் காட்டிச் சென்றவர் இலட்சுமிநரசு செட்டியார்.