சுதேசமித்திரன் கண்ட ஜி. சுப்பிரமணிய ஐயர்

1855இல் பிறந்த ஜி. சுப்பிரமணிய ஐயர், 1878இல் நண்பர் ஐவருடன் சென்னையில் ‘இந்து’ வார இதழைத் தொடங்கியபோது பள்ளி ஆசிரியர். முதல் இதழ் எண்பது படிகளே. அச்சுச் செலவும் கடன். 1885இல் பம்பாயில் கூடிய காங்கிரசின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தவர் அவரே.

அரசியல் உரிமை முந்தியதா, சமுதாயச் சீர்திருத்தம் முந்தியதா என்பது அக்காலக் கற்றோரிடையே ஓயாத வழக்கு. நிலவரியையும் உப்புவரியையும் கண்டித்து மேடையில் முழங்கியோர் பலர், தம் இல்லத்து விதவையைப் பற்றி வாய் திறந்தாரில்லை. ஐயர் அவ்வாறு பிரித்துப் பார்க்க அறியாதவர். 1889இல் மீண்டும் பம்பாயில் காங்கிரசு கூடிய வேளையில், இளமையிலேயே கணவனை இழந்த தம் மகளுக்கு அந்நகரிலேயே மறுமணம் செய்வித்தார். சுற்றத்தார் விலகினர். துணிவு என்று நாம் ஒரு சொல்லில் கூறிவிடுகிறோம். அந்த வீட்டில் அது எத்தனை ஆண்டுத் தனிமையோ!

அவருடைய சீர்திருத்த வேகம் ‘இந்து’வின் வாசகர் பலருக்குக் கசந்தது, கூட்டாளியும் உடன்பட்டாரில்லை. 1897இல் இலண்டன் சென்று, இந்தியச் செலவினங்களை ஆராய்ந்த வெல்பி ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்துத் திரும்பியவர், மறு ஆண்டே அவ்விதழை விட்டு நீங்கினார். 1882இல் தாம் தொடங்கியிருந்த ‘சுதேசமித்திரன்’ எஞ்சியது. 1899இல் அதனை நாளிதழாக்கினார். வரியும் வறுமையும் பற்றிய வாதங்கள் ஆங்கிலம் அறியாதார்க்கும் நாள்தோறும் தமிழில் எட்டலாயின. 1904இல் அங்கு உதவியாசிரியராக வந்து அமர்ந்த இளைஞர், சுப்பிரமணிய பாரதி.