தத்துவ போதகர்

தமிழகக் கிறித்தவ வரலாற்றில் மதுரைக்குத் தனியிடம் உண்டு. அவ்விடத்தைப் பெற்றுத் தந்தவர், தத்துவ போதகர் எனத் தமிழுலகம் அறிந்த இராபர்ட் தெ நொபிலி அடிகளார் ஆவார். 1577இல் உரோமை நகரின் உயர்குடி ஒன்றில் பிறந்த இவர், இயேசு சபைத் துறவியாகி, 1605இல் கோவாவை அடைந்தார். 1606 நவம்பரில் மதுரைக்கு வந்தார்.

நாயக்கர் ஆண்ட அம்மாநகரில் கொன்சாலோ பெர்னாந்தசு அடிகளார் முன்னரே பணியாற்றி வந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வந்த பரதவரே அவருடைய மந்தை. நகரத்தார் மறை தழுவவில்லை. கிறித்தவராதல் என்பது பறங்கிக் குலத்தில் சேர்தல் என்றே மக்கள் எண்ணினர். திருமுழுக்குப் பெறுவோரிடம் கேட்கப்பட்ட வினாவும் அவ்வாறே அமைந்திருந்தது. உலகனைத்துக்கும் உரிய மீட்பு, கடல்கடந்து வந்த ஓர் இனத்தாரின் உடைமையாகச் சுருங்கியதை நொபிலி கண்டார்.

அவர் காவியுடை பூண்டார், புலால் துறந்தார், நாளுக்கு ஒருவேளை மட்டுமே உண்டார். தாம் பறங்கியர் அல்லர் என ஓலையில் எழுதித் தம் இல்லத்து வாயிலில் வைத்தார். சிவதருமர் என்னும் அந்தணரிடம் வடமொழி பயின்றார். நான்கு வேதங்களுள் ஒன்று மறைந்துபோயிற்று என்று கற்றோர் சொல்லக் கேட்டு, வீடுபேறு தரும் அம்மறையைப் போதிக்கவே தாம் வந்ததாக அறிவித்தார். இவ்வாறு கிறித்தவ நம்பிக்கையை, தமிழர் நெடுங்காலம் தேடிய வீடுபேற்றின் நிறைவாக நிறுத்தினார்.

இப்பணிக்கு அவர் கைக்கொண்ட கருவி சொல்லேயாகும். கடற்கரைச் செபங்களில் போர்த்துகீசியச் சொற்கள் மிகுந்திருந்தன. நொபிலியோ சருவேசுரன், குரு, வேதம், பூசை என மண்ணில் வழங்கிய சொற்களைக் கையாண்டார். மாந்தரை மீட்க இறைவனே மனிதவுரு ஏற்றுக் குருவாக வந்தான் என்பதே அவருடைய போதனையின் உயிர்நாடி. ஞானோபதேச காண்டம், ஆத்தும நிர்ணயம் முதலிய உரைநடை நூல்கள் இந்நெறியை விளக்குகின்றன.

எதிர்ப்பு அவரது திருச்சபைக்குள்ளேயே எழுந்தது. கோவாப் பேராயர் அவர் முறையைக் கண்டித்தார். 1619இல் கோவாவில் கூடிய அவையிலும் வழக்கு நிகழ்ந்தது. இறுதியில் 1623இல் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி பூணூல், குடுமி, சந்தனம் ஆகியவற்றுக்கு இசைவளித்தார்.

எனினும் ஒரு முரண்பாட்டைச் சுட்டாமல் இவ்வரலாறு நிறைவுறாது. பிறப்பின் ஏற்றத்தாழ்வு முன்வினைப்பயன் அன்று என மறுபிறப்புக் கொள்கையை மறுத்தவர் அவர். ஆயினும் ஓருடலின் பல உறுப்புகளைப் போன்றதென உரைத்து, அவ்வேற்றுமையைச் சமுதாய ஒழுங்காக ஏற்றார். எளிய குலத்தாரிடையே பணியாற்றப் பின்னர்ப் பண்டாரசாமிகள் எனத் தனிப்பிரிவினர் ஏற்பட்டனர். பறங்கிக் குலத்தின் வேலியைக் கடந்த மீட்புச் செய்தி, சாதியின் வேலிக்குள் நின்றது. இந்த வடு தமிழகத் திருச்சபையில் நெடுங்காலம் மறையவில்லை.

மதுரையில் சிறைவாசமும் கண்ட அடிகளார், முதுமையில் யாழ்ப்பாணத்திலும் பின்னர் மயிலாப்பூரிலும் வாழ்ந்தார். பார்வை மங்கியபோதும் நூற்பணியைக் கைவிடவில்லை. 1656 சனவரியில் மயிலாப்பூரில் மறைந்தார்.

எழுபது ஆண்டுகளுக்குப்பின், 1726இல், அதே மதுரை மறைத்தளத்தைச் சார்ந்த வீரமாமுனிவர் தேம்பாவணியை நிறைவு செய்தார். மீட்பு வரலாற்றைத் தமிழ்க் காப்பியமாக்க அம்முனிவருக்குக் கைகொடுத்த மரபு, நொபிலியின் உரைநடையில் உருப்பெற்றதாகும். ஒரு நம்பிக்கை ஒரு மண்ணில் நிலைபெற அம்மண்ணின் சொல் வேண்டும். அச்சொல் எல்லார் வாசலையும் ஒன்றுபோல் தட்டவும் வேண்டும். முன்னதை அவர் வாழ்ந்து காட்டினார். பின்னதைப் பின்வந்தோர்க்கு விட்டுச் சென்றார்.