மலையாள மண் தந்த மனோன்மணீயம் சுந்தரனார்

வண்டன்மேட்டிலிருந்து மலையிறங்கினால் கம்பம், கூடலூர்ப் பள்ளிகளில் காலைதோறும் தமிழ்த்தாய் வாழ்த்து ஒலிக்கும். அந்த வாழ்த்தை இயற்றிய பெரியார் பிறந்ததும் வாழ்ந்ததும் மறைந்ததும் இன்றைய கேரள மண்ணில்தான் என்பது பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும்.

ஆலப்புழையில் 1855 ஏப்ரல் 4 அன்று பெருமாள் பிள்ளை, மாடத்தி அம்மாள் தம்பதியருக்கு மகனாகப் பிறந்தார் சுந்தரம் பிள்ளை. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பயின்று 1876-இல் பி.ஏ. பட்டமும், 1880-இல் எம்.ஏ. பட்டமும் பெற்றார். இடையே திருநெல்வேலியில் பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றினார். கோடகநல்லூர் சுந்தர சுவாமிகளை ஞானாசிரியராகக் கொண்டார். பின்னர் திருவனந்தபுரம் திரும்பித் தத்துவப் பேராசிரியரானார். சிறிது காலம் சமஸ்தானத்து வருவாய்த் துறையிலும் உயர் அலுவல் பார்த்தார்.

அலுவல் எதுவாயினும் அவர் நெஞ்சம் தமிழிலேயே இருந்தது. 1891-இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தைத் தம் ஆசிரியர் டாக்டர் ஹார்விக்குக் காணிக்கையாக்கினார். லிட்டன் எழுதிய ஆங்கிலக் கதையொன்றைத் தழுவி, பாண்டிய நாட்டுக் கதையாக அமைத்த நூல் அது. தமிழ்த்தாய் வாழ்த்து அதன் தொடக்கத்தில் உள்ளது.

ஆனால் அறிஞர் உலகம் அவரை வியந்தது வேறொரு பணிக்காக. தமிழ் இலக்கியத்துக்குக் கால வரலாறு தெளிவாக இல்லாத காலம் அது. திருஞானசம்பந்தர் காலத்துப் பாண்டியனைப் பதின்மூன்றாம் நூற்றாண்டினன் எனக் கால்டுவெல் கருதியிருந்தார். அக்கருத்து நிலைத்தால் தேவாரத்தின் வயது அறுநூறு ஆண்டு குறைந்துவிடும். கால்டுவெல்லோ பெரும் புகழ் பெற்ற அறிஞர். சுந்தரனார் பெயருக்கு அஞ்சவில்லை. கோபமாக வாதாடவும் இல்லை. நூல்களையும் கல்வெட்டுகளையும் ஒப்பிட்டு, சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவர் அல்லர் என நிறுவினார். சம்பந்தர் காலத்தவரான சிறுத்தொண்டர் வாதாபிப் போரில் ஈடுபட்டவர் என்பதும், அப்போர் 642-ஐ ஒட்டி நடந்தது என்பதும் அம்முடிவுக்கு வலுச்சேர்த்தன. திருவிதாங்கூர் பழைய மன்னர்களின் வரலாற்றையும் அவர் கல்வெட்டுகளைக் கொண்டே ஆராய்ந்தார்.

1896-இல் ராவ்பகதூர் பட்டம் வந்தது. மறு ஆண்டு ஏப்ரல் 26 அன்று, நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்தார்.

அவர் வாழ்த்தைத் தமிழக அரசு 1970-இல் ஏற்றது. 2021-இல் மாநிலப் பாடலாக அறிவித்தது. நெல்லைப் பல்கலைக்கழகம் அவர் பெயர் தாங்கி நிற்கிறது. பிழைப்புக்காக மலையேறிய தமிழர் தம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய வரலாறு இது: தாய்மொழிக்குத் தொண்டு செய்யத் தாய்நாட்டில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.