பட்டறையில் பயின்றவர்

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் பொருத்துநர் பிரிவில் சேரும் மாணவர், முதல் வாரங்களில் மிகுதியாகக் கையாள்வது அரத்தைத்தான். வைஸில் இறுக்கிய இரும்புத் துண்டைச் சீராக அராவி, மூலைமட்டத்தை வைத்துப் பார்க்கையில் இடையே ஒளி கசியாதவாறு சமன்செய்வது தொடக்கப் பாடம். தோள் வலிக்கும், உள்ளங்கை கொப்பளிக்கும். கருவியைக் கையில் கொடுத்துக் கற்பிக்கும் இம்முறைக்காகத் தாம் வகித்த முதல்வர் பதவியையே துறந்தவர் ஒருவர் தமிழகத்தில் வாழ்ந்தார். அவர் ஜி.டி. நாயுடு எனப் பெயர்பெற்ற கோபால்சாமி துரைசாமி நாயுடு.

கோயம்புத்தூரை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் 1893ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள் அவர் பிறந்தார். பள்ளிப் படிப்பு தொடக்க வகுப்புகளைத் தாண்டவில்லை. இளமையில் ஒருநாள், ஆங்கில அலுவலர் ஒருவர் ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டார். மாடும் இழுக்காமல் குதிரையும் இழுக்காமல் ஒரு வண்டி ஓடுவது அவரை உறங்கவிடவில்லை. அதைத் தமதாக்கிக்கொள்ள விரும்பி, கோயம்புத்தூருக்குச் சென்று உணவு விடுதியொன்றில் பரிமாறுபவராகச் சேர்ந்தார். சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தைக் கொண்டு அவ்வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் அதில் ஊர்சுற்றித் திரிந்திருக்கலாம். அவரோ வண்டியைப் பகுதி பகுதியாகக் கழற்றினார். ஒவ்வொன்றும் எதற்கு எனக் கண்டு, மீண்டும் பூட்டினார். அவருக்கு வாய்த்த பொறியியல் கல்லூரி அதுவே.

1920ஆம் ஆண்டில் ஒரேயொரு பேருந்தைக் கொண்டு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே போக்குவரத்தைத் தொடங்கினார். அது யு.எம்.எஸ். என்னும் பெரிய நிறுவனமாக வளர்ந்தது. பேருந்துகள் பெருகினால் அவற்றைப் பழுதுபார்க்கும் கைகளும் பெருகியாக வேண்டும். வண்டி நின்ற இடத்தில் குறையைக் கண்டறியும் திறனைச் சான்றிதழ் தந்துவிடாது என்பதை அவர் தம் தொழிலிலேயே உணர்ந்தார். 1937ஆம் ஆண்டில், பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து, பீளமேட்டில் இந்தியாவின் முதல் மின்மோட்டாரை உருவாக்கினார். மின்சவரக் கருவி, குறைந்த விலை வானொலிப் பெட்டி எனப் பின்னும் பல செய்தார். அவற்றை விரித்துரைக்க இங்கு இடமில்லை.

1945ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரால் கோயம்புத்தூரில் ஒரு பல்தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் தோன்ற நாயுடு காரணமாக இருந்தார். கல்லூரியின் முதல்வராகவும் பொறுப்பேற்றார். பள்ளிப் படிப்பை முடிக்காத ஒருவர் பொறியியல் கல்லூரிக்கு முதல்வரானது, இன்றைய விதிமுறைகளின்படி எண்ணிப் பார்க்கவும் இயலாத நிகழ்ச்சி!

அங்கேதான் முரண்பாடு முளைத்தது. நான்காண்டுப் பாடத்திட்டம் மாணவரின் காலத்தை வீணாக்குகிறது என்றும், அதே பாடங்களை இரண்டே ஆண்டுகளில் கற்பித்துவிடலாம் என்றும் நாயுடு கருதினார். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இரண்டாண்டு என்பது வெறும் காலக்கணக்கன்று. குடும்பம் ஒரு வருவாய்க்காகக் காத்திருக்கும் காலம். ஆங்கில அரசு அவர் கருத்தை ஏற்கவில்லை. நாயுடு பதவி விலகினார்.

அவர் கருத்து முழுவதும் சரியென்று சொல்லிவிட முடியாது. பாலத்தின் சுமையைக் கணக்கிடுபவருக்கு ஆழ்ந்த கணிதம் வேண்டும். அதை அவசரத்தில் புகட்ட இயலாது. ஆயினும், கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கவேண்டியவரையும் அதே நீண்ட வழியில் நடத்திச் செல்வது தேவைதானா என்ற வினா நியாயமானதே. இன்று தொழிற்பயிற்சி நிலையத்தில் ஓராண்டு அல்லது ஈராண்டு, பத்தாம் வகுப்பை முடித்துப் பட்டயப் படிப்பில் சேர்ந்தால் மூன்றாண்டு, பொறியியல் பட்டத்திற்கு நான்காண்டு என வழிகள் பிரிந்துள்ளன. தொழிற்சாலையிலேயே உதவித்தொகையுடன் பயில 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் இடமளிக்கிறது. நாயுடு கேட்ட வினாவுக்கு ஒரு பகுதி விடை இவற்றில் கிடைக்கிறது. ஆனால், பயிற்சியை முடித்துவரும் இளைஞரிடம் முன்னனுபவம் உண்டா என்று வேலை தருவோர் கேட்பது இன்னும் நின்றபாடில்லை.

பதவியை விட்டபின்னும் நாயுடு இயந்திரங்களை விடவில்லை. இளைஞர் நேரில் பார்த்துக் கற்கும் பொருட்டுக் கோயம்புத்தூரில் தொழிற்பொருட்காட்சியொன்றை நிறுவினார். 1974ஆம் ஆண்டு சனவரி 4ஆம் நாள் மறைந்தார்.

அவர் முதல்வராயிருந்த கல்லூரி இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயருடன் தடாகம் சாலையில் இயங்குகிறது. அங்கே இன்றும் நான்காண்டுப் படிப்புதான். கல்லூரி முன்பு இருந்த அவிநாசி சாலையிலோ, பேருந்து நடத்துநர்கள் இப்போதும் ஹோப் காலேஜ் என்று கூவியே பயணிகளை இறக்கிவிடுகின்றனர்.