ஆழமில்லாத ஆற்றுக்குப் படகு செய்த விவசாயி: ஜெட் படகும் பில் ஹாமில்டனும்

கீரமங்கலம் பக்கம் பூந்தோட்டமோ தென்னந்தோப்போ வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தலைவலி நன்றாகவே தெரியும். போர் மோட்டார் ஓடுது, கரன்ட் இழுக்குது, தண்ணி மட்டும் பாதிதான் விழுது. பல நூறு அடி ஆழத்தில் இருந்து மோட்டாரை மேலே ஏற்றிப் பிரித்துப் பார்த்தால், மணல் அரித்து இம்பெல்லர் தேய்ந்திருக்கும். மோட்டாரில் கோளாறே இருக்காது.

இதே புகார் ஜெட் படகு வைத்திருப்பவர்களிடமும் உண்டு. எஞ்சின் கத்தும், படகு நகராது. காரணமும் அதேதான். ஜெட் படகு என்பது ஒரு தண்ணீர் பம்ப். அதைச் சுற்றித்தான் மற்றதெல்லாம். கடற்கரைச் சுற்றுலாத் தலங்களில் நீங்கள் ஓட்டிப் பார்க்கும் வாட்டர் ஸ்கூட்டரும் இந்தக் குடும்பம்தான். இந்தப் பம்பை ஓடும் ஆற்றில் உருப்படியாக வேலை செய்ய வைத்தவர் ஒரு ஆட்டுப்பண்ணைக்காரர். நியூசிலாந்தின் பில் ஹாமில்டன்.

யார் இந்த ஹாமில்டன்?

முழுப் பெயர் சார்லஸ் வில்லியம் ஃபீல்டன் ஹாமில்டன். 1899 ஜூலை 26 அன்று, நியூசிலாந்தின் தென் தீவில் ஃபேர்லி என்ற சிற்றூர் அருகே உள்ள பண்ணையில் பிறந்தார். இன்ஜினியரிங் படிக்கவில்லை. 1921இல், இருபதுகளின் தொடக்கத்திலேயே, மெக்கன்சி பகுதியில் 'ஐரிஷ்மேன் க்ரீக்' என்ற பெரிய ஆட்டுப்பண்ணையை வாங்கினார். பக்கத்தில் பட்டறை கிடையாது, கரன்டும் கிடையாது. எது உடைந்தாலும் தானே சரிசெய்ய வேண்டும், எது தேவையென்றாலும் தானே செய்துகொள்ள வேண்டும்.

கரன்ட் வேண்டுமா? ஓடையை மறித்து அணை கட்டி, சொந்தமாக மின்சாரம் எடுத்தார். அணை கட்ட மண் அள்ள வேண்டுமே? அதற்கும் ஒரு மண் அள்ளும் இயந்திரத்தை அவரே வடிவமைத்தார். அந்த இயந்திரம்தான் பிறகு தொழிலாகவே மாறியது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது ஆடு மேய்ந்த இடத்தில் போர்த் தளவாட உதிரிபாகங்கள் தயாராகின. பண்ணைப் பையன்களுக்கு லேத் ஓட்டக் கற்றுக்கொடுத்து வேலை வாங்கினார். போர் முடிந்ததும் தொழிற்சாலை கிறைஸ்ட்சர்ச் நகரத்துக்குப் போனது.

வேகப் பைத்தியமும் உண்டு. பழைய சன்பீம் காரை வைத்துப் பந்தயம் ஓட்டினார். 1930இல் இங்கிலாந்து போய், புகழ்பெற்ற ப்ரூக்லண்ட்ஸ் பந்தயத் தளத்தில் பென்ட்லி காரில் ஜெயித்தும் வந்தார். அடிமட்டத்தில் இருந்து இயந்திரத்தைப் பிரித்துப் பழகியவர், அதன் உச்ச வேகத்தையும் பார்த்தவர். படகு விஷயத்தில் இந்த இரண்டு அனுபவமும் கைகொடுத்தது.

ஆற்றில் என்ன பிரச்னை?

நம்ம வெள்ளாறும் அக்னியாறும் வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும். மெக்கன்சி பகுதி ஆறுகள் வேறு ரகம். பனிமலையில் இருந்து வருவதால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் கூழாங்கல் படுகையில் பல கிளைகளாகப் பிரிந்து ஓடுவதால் ஆழம் இருக்காது. ஒரு இடத்தில் இடுப்பளவு, பத்தடி தள்ளி கணுக்கால் அளவு. வேகமோ பயங்கரம்.

சாதாரண மோட்டார் படகில் ப்ரொப்பெல்லர் அடிப்பாகத்துக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும். இந்த ஆற்றில் ஒரு கல்லில் பட்டாலே கதை முடிந்தது. ஹாமில்டன் 50 வயதைத் தாண்டியபிறகுதான் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தார். தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி ஓடும் படகு என்ற எண்ணம் அப்போதே பழசு. அமெரிக்காவில் 'ஹான்லி ஹைட்ரோஜெட்' என்ற கருவியும் இருந்தது. அதை ஒட்டி ஒன்றைச் செய்து பார்த்தார். அதில் தண்ணீர் படகின் அடியில், நீருக்குள்ளேயே பீய்ச்சப்பட்டது. படகு ஓடியது, ஆனால் எதிர்நீச்சல் போட அந்த வேகம் போதவில்லை.

அவரிடம் வேலை பார்த்த ஒருவர் ஒரு யோசனை சொன்னார். தண்ணீர் வெளியேறும் நாசிலை அடியில் வைக்காமல், படகின் பின்பலகை வழியாக, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே வைத்தால் என்ன? மாற்றிப் பார்த்தார்கள். 1954 வாக்கில் படகு ஆற்றை எதிர்த்து ஏறத் தொடங்கியது.

மாற்றம் சின்னதுதான், பலன் பெரிசு. படகுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் பாகம் என்று ஒன்றுமே இல்லாமல் போனது. தண்ணீரை இழுத்துத் தடுக்கும் பொருளும் இல்லை, கல்லில் மோதி உடையும் பொருளும் இல்லை. நாசிலை இடம் வலம் திருப்பினால் படகும் திரும்பும். தனியாகச் சுக்கான் வேண்டாம். ஜெட்டைத் தானே கண்டுபிடித்ததாக ஹாமில்டன் ஒருபோதும் சொல்லிக்கொள்ளவில்லை. கேட்டவர்களிடம் ஆர்க்கிமிடீஸைக் கைகாட்டிச் சிரித்துவிடுவார்.

முதல் பம்புகள் தோட்டத்து மோனோபிளாக் மாதிரி, தண்ணீரைச் சுழற்றி ஓரத்துக்கு எறியும் வகை. அடுத்து வந்தவற்றில் தண்ணீர் நேர்கோட்டில் போகும். ஒன்றுக்குப் பின் ஒன்றாக இம்பெல்லர்கள். போர் மோட்டார் வாங்கும்போது எத்தனை ஸ்டேஜ் என்று கேட்போமே, அதேதான். இரண்டு ஸ்டேஜ், மூன்று ஸ்டேஜ் யூனிட்கள் வந்தன. இன்றைய உல்லாசப் படகுகளில் பெரும்பாலும் ஒற்றை ஸ்டேஜ்தான்.

1960இல் ஹாமில்டன் படகுகள் அமெரிக்காவின் கொலராடோ ஆற்றில், கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு வழியாக எதிர்த்திசையில் ஏறின. அதுவரை எந்தப் படகும் செய்யாத காரியம். முக்கிய ஓட்டுநர் அவருடைய மகன் ஜான்.

சரி, எங்கே தேயும்?

விற்பவர்கள் ஜெட் படகில் 'மெயின்டனன்ஸே கிடையாது' என்பார்கள். நம்பாதீங்க. வெளியே ஒன்றும் தெரியாது என்பதால்தான் இதில் கவனம் அதிகம் வேண்டும்.

பம்புக்குள் சுழலும் இம்பெல்லருக்கும், அதைச் சுற்றியுள்ள வியர் ரிங் என்ற வளையத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி புதிதில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. படகின் வலு முழுக்க அந்த இடைவெளியில் இருக்கிறது. மணலும் பொடிக்கல்லும் உள்ளே போகப் போக அது அகலமாகும். அழுத்தமாகப் பின்னால் போக வேண்டிய தண்ணீர், அந்தச் சந்து வழியாக முன்பக்கமே கசியும். எஞ்சின் சுற்று ஏறும், வேகம் ஏறாது. ஒரே நாளில் நடப்பதில்லை என்பதால் ஓட்டுகிறவருக்கே தெரியாது. அதனால் படகு புதிதாக இருக்கும்போதே, எந்த ஆர்.பி.எம்.மில் எந்த வேகம் வருகிறது என்று எழுதி வைத்துவிட வேண்டும். நாலு மாசம் கழித்து ஒப்பிட்டால் பம்பின் உடல்நிலை தெரிந்துவிடும். பைசா செலவில்லாத சர்வீஸ் இதுதான்.

வியர் ரிங்கை மாற்றலாம். தேயட்டும் என்றுதான் அதைத் தனியாக வைத்திருக்கிறார்கள். இம்பெல்லரின் விளிம்பு மழுங்கியிருந்தால் அரம் போட்டுச் சரிசெய்யலாம். துண்டு பெயர்ந்திருந்தால் வெல்டிங், பிறகு பேலன்ஸ் பார்க்க வேண்டும். பேலன்ஸ் இல்லாத இம்பெல்லர் பேரிங்கைத் தின்றுவிடும்.

தண்ணீர் உள்ளே நுழையும் இடத்தில் கம்பி வலை இருக்கும். களை, கயிறு, பிளாஸ்டிக் பை எல்லாம் அங்கே சிக்கும். ஹாமில்டன் வகை யூனிட்கள் பலவற்றில் படகுக்குள்ளேயே ஒரு மூடி உண்டு. திறந்து கையை விட்டு எடுக்கலாம். எஞ்சினை அணைத்து, சாவியைக் கழற்றிப் பையில் போட்ட பிறகுதான் கை உள்ளே போகணும். இதில் சமரசமே கூடாது. ஓடும்போது பக்கத்தில் நீந்துகிறவர்களின் தலைமுடியையும் துணியையும் கூட அந்த வாய் இழுக்கும்.

இன்னொரு விஷயம் கேட்க விசித்திரமாக இருக்கும். ஆழமில்லாத இடத்தில் வேகமாகப் போவதைவிட, நின்றுகொண்டு எஞ்சினை ஓடவிடுவதுதான் பம்புக்குக் கேடு. வேகமாகப் போகும்போது கீழே கிடக்கும் கல்லை இழுக்க நேரமில்லை. நின்றால், படுக்கையில் கிடப்பதை எல்லாம் உறிஞ்சும். அதனால் படகை முதலில் ஆழமான இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போய், அப்புறம் ஸ்டார்ட் பண்ண வேண்டும்.

கரையில் டிரெய்லரில் நிற்கும்போது சும்மா ஓட்டிப் பார்ப்பதும் தப்பு. பல யூனிட்களில் ரப்பர் பேரிங்குக்குத் தண்ணீர்தான் எண்ணெய். போர் மோட்டாரை டிரை ரன் விட்டால் என்ன ஆகுமோ அதுவே இங்கேயும். எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரையும் பெரும்பாலும் பம்பில் இருந்தே எடுக்கிறார்கள். அந்த வடிகட்டியில் மணல் அடைத்தால் எஞ்சின் சூடாகும். பேரிங் எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருந்தால் சீல் போய் தண்ணீர் கலந்துவிட்டது என்று அர்த்தம். கடலில் ஓட்டினால் வேலை இரட்டிப்பு. ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும், உப்பு அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டி கரைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

ஸ்டீயரிங் கேபிளையும், பின்னால் வாளி மாதிரி இறங்கும் ரிவர்ஸ் மூடியையும் மறக்கக் கூடாது. தண்ணீரை முன்பக்கமாகத் திருப்பிவிடும் அந்த மூடிதான் ஜெட் படகுக்கு பிரேக். தண்ணீர் பீய்ச்சினால்தான் படகு திரும்பும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். புதிதாக ஓட்டுகிறவர் எதிரே பாறையைப் பார்த்ததும் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டுவிடுவார். அந்த நொடியில் ஸ்டீயரிங்கும் செத்துவிடும், படகு நேராகப் பாறைக்கே போகும். தேய்ந்துபோன பம்பிலும் கிட்டத்தட்ட இதே ஆபத்துதான். திரும்ப வேண்டிய நேரத்தில் தள்ளும் வலு இருக்காது.

பெரிய எஞ்சின் போட்டால்?

எல்லோருக்கும் முதலில் வரும் ஆசை இது. ஆனால் இம்பெல்லரின் சாய்வுக் கோணம் ஒரு குறிப்பிட்ட எஞ்சின் வலுவுக்கென்று செய்யப்பட்டது. எஞ்சினை மட்டும் பெரிதாக்கினால் இம்பெல்லர் தண்ணீரைப் பிடிக்காமல் வெறுமனே சுற்றும்; இதழ் மேல் நீராவிக் குமிழ்கள் உருவாகி வெடித்து உலோகத்தையே குடையும். எஞ்சின் மாற்றினால் இம்பெல்லரையும் மாற்ற வேண்டும். கொஞ்சம் காசு இருந்தால், என் கணக்கில் முதல் செலவு துருப்பிடிக்காத எஃகு இம்பெல்லரும் புது வியர் ரிங்கும். கல் நிறைந்த ஆற்றில் ஓட்டுபவர்கள் அலுமினியப் படகின் அடியில் தடிமனான பிளாஸ்டிக் தகடு ஒட்டிக்கொள்கிறார்கள். கல்லில் உரசினாலும் வழுக்கிக்கொண்டு போகும். ஹாமில்டனின் முதல் படகு வெறும் பிளைவுட்.

கங்கைக்கு வந்த கதை

1977 ஆகஸ்டில் எட்மண்ட் ஹிலாரி மூன்று ஹாமில்டன் ஜெட் படகுகளோடு கங்கை கடலில் கலக்கும் இடத்துக்கு வந்தார். எவரெஸ்ட் ஏறிய அதே ஹிலாரிதான். படகுகளின் பெயர் கங்கா, கிவி, ஏர் இந்தியா. ஜான் ஹாமில்டனும் குழுவில் இருந்தார். பாட்னா, வாரணாசி, ஹரித்துவார் என்று ஆற்றை எதிர்த்து ஏறினார்கள். பருவமழைக் காலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அப்போதுதான் மேலே வரை தண்ணீர் இருக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் வண்டலும் மணலும் கலந்த செந்நிறத் தண்ணீர். மேலே சொன்ன மெல்லிய இடைவெளிக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. ரிஷிகேஷுக்கு மேலே போகப் போக, ஆறு குறுகி பாறைக்கு நடுவே பாயும் இடத்தில்தான் பம்பின் முழு வலுவும் தேவைப்பட்டது.

படகுகள் தேவபிரயாகை, ருத்ரபிரயாகை தாண்டி நந்தபிரயாகை அருகே ஒரு அருவி வரை போய் நின்றன. அதற்கு மேல் நடைதான். மலையேற்றத்தில் ஹிலாரிக்கு உயரத்தால் உடல்நிலை மோசமாகி ஹெலிகாப்டரில் கொண்டுவர வேண்டியதாயிற்று.

பில் ஹாமில்டனுக்கு 1974இல் சர் பட்டம் கிடைத்தது. கங்கைப் பயணம் முடிந்த சில மாதங்களில், 1978 மார்ச் 30 அன்று, 78 வயதில் இறந்தார். அவர் தொடங்கிய நிறுவனம் இன்றும் கிறைஸ்ட்சர்ச்சில் வாட்டர்ஜெட் தயாரிக்கிறது. நம் கடலோரக் காவல்படையின் வேகமான ரோந்துக் கப்பல்கள் பலவும் ப்ரொப்பெல்லர் இல்லாமல் வாட்டர்ஜெட்டில்தான் ஓடுகின்றன. அந்தக் கப்பல்களிலும் இம்பெல்லர் உண்டு, வியர் ரிங் உண்டு, அவற்றுக்கு நடுவே அதே சின்ன இடைவெளியும் உண்டு.